மூஞ்சி பார்த்துப் பேசுகிறவர்

அவருடைய ஷேர் ஆட்டோவின் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் தெரிவார். நடுக் கண்ணாடியை அப்படித் திருப்பி வைத்திருந்தார். பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும்கூட உள்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். "ரோட்டைப் பாருங்க நைனா" என்று நான் பயந்துபோய்க் கத்தினால், "ரோடு எங்கம்மா போவப்போவுது? இங்கியேதான் இருக்குது. மூஞ்சிதான் ஏறி எறங்கிப் பூடும்" என்பார். இதற்குப் பதில் சொல்வதைவிட உயிரைக் கையில் பிடித்துக்கொள்வது மேல் என்று நான் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் நைனா. தெலுங்கில் அப்பா என்று அர்த்தம். அவர் வீட்டுப் பேச்சும் தெலுங்குதான். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி விசாரித்தால் பெரிய காஞ்சிபுரத்தில் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். அதனால் இங்கேயும் அது வேண்டாம்.

அவருக்குப் பாஷை நாக்கில் இல்லை, எதிராளியின் முகத்தில்தான் இருந்தது. முகத்தைப் பார்ப்பார், பாஷை வரும். பட்டு எடுக்க வந்த ஆந்திராக்காரர்களிடம் தெலுங்கு. கோயில் கோயிலாகச் சுற்றிக் களைத்த மைசூர்க்கார அம்மாவிடம், "எல்லிகெ ஹோகபேகு அம்மா?" குல்லா வைத்த பெரியவரிடம், "கிதர் ஜானா பாய்?" வாய் பேச வராத ஒரு தம்பதி ஒருநாள் ஏறினார்கள். அவர்களோடு கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டே வந்து, சர்வதீர்த்தக் குளம் தாண்டுவதற்குள் அவர்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்துவிட்டார். என்ன சண்டை என்று நான் கேட்டேன். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், உனக்கு எதுக்கு" என்றுவிட்டார்.

தப்பு நடக்காமலும் இல்லை. சிவப்பாக, உயரமாக ஏறிய ஒருவரிடம், "கஹாம் ஜானா ஹை பையா?" என்று ஆரம்பித்தார். அவர் திருப்புட்குழிக்காரர், அதிலும் தமிழ் வாத்தியார். இறங்குகிற வரை செந்தமிழில் வாங்கிக் கட்டிக்கொண்டார் நைனா. மற்றவர்களாக இருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அவர் சாயங்காலம் வரை அதே நினைப்பாக இருந்தார். "மூஞ்சி என்னை ஏமாத்திடுச்சேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அவரை நெருங்கித் தெரிந்துகொண்டது ஒரு படத்தால். சென்னையிலிருந்து வந்த டைரக்டர் ஒருவர், காஞ்சிபுரத்தில் சாதாரண ஒரு நாளை ஐந்து குட்டிக் கதைகளாக எடுத்து ஒரே படமாகக் கோக்கக் கிளம்பியிருந்தார். பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிற மார்வாடிப் பெண், பிரியாணிக் கடை நடத்தும் அக்கா தங்கை, கிராமத்து நிலத்தை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவரும் ஜைனக் குடும்பம், கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் ஒடிசாப் பையன்கள் ஓர் அறையில். ஐந்தாவது கதை, இவர்கள் எல்லோரும் ஏறி இறங்குகிற ஒரு ஷேர் ஆட்டோ. நான் உதவி இயக்குநர்களில் கடைசி. இந்த ஊர்க்காரி என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி இருந்ததாக டைரக்டர் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆட்டோக்காரர் வேடத்துக்கு நடிகர் யாரையும் தேட வேண்டாம், எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் இருக்கிறார் என்று நான்தான் சொன்னேன். நைனா மாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் படம் எங்கெங்கம்மா ஓடும்?"

"முதல்ல தியேட்டர்ல. அப்புறம் போன்லயே வந்துடும் நைனா. எந்த ஊர்லேர்ந்து வேணும்னாலும் பாக்கலாம்."

"ஒடிசாவுலயும்?"

"ஒடிசாவுலயும்."

"அப்ப நடிக்கிறேன்" என்றார். உடனே ஆட்டோவை விட்டு இறங்கிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அழுதிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. கேட்டுவிட்டேன், எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவருக்கு ஒரே மகள். மனைவி போன பிறகு சோறு பொங்கிப் போட்டு, தலை பின்னிவிட்டு வளர்த்த மகள். கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலிருந்து தினமும் இவர் ஆட்டோவில் ஏறிய ஒரு ஒடிசாப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

"நான் ஒடியா கத்துக்கினதே அந்தப் பையன்கிட்டதாம்மா. தினம் ஒரு வார்த்தை சொல்லித் தருவான். அவனும் எங்கிட்ட தெலுங்குல நல்லாப் பேசுவான். அவன் யாருகிட்ட கத்துக்கினான்னு நான் கேக்கவே இல்ல பாரு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊரு பாஷை எல்லாம் பேசறவன்னு பேரு எனக்கு. சம்பந்தம் பேசுன்னதும் நாக்கு செத்துப்பூடுச்சு. சாதி சனம் இன்னா சொல்லும்னு ஒரே பயம். மாலையோட வந்து தெருமுனையில நின்னாங்க ரெண்டு பேரும். போன்னுட்டேன். நேரா சர்வதீர்த்தத்துக்குப் போயி தலை முழுகிட்டு வந்தேன்."

எங்கள் பக்கத்தில் உறவை அறுத்துக்கொள்வதற்கு அதுதான் வழக்கம். செத்தவர்களுக்குச் செய்வது போல உயிரோடு இருப்பவர்களுக்கும் ஒரு முழுக்கு. அதோடு தீர்ந்தது. அன்றைக்கு ஈரத் துணியோடு ஆட்டோ ஓட்டினாராம். ஏறினவர்களெல்லாம் மழையா நைனா என்று கேட்டார்களாம்.

"தலை முழுகறதுக்குக் கொளம் இருக்குது. முழுகுனதை வாபஸ் வாங்கறதுக்கு எந்தக் கொளம்மா இருக்குது? நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஐயரைக் கேட்டேன், எங்க சாதிப் பெரியவங்களைக் கேட்டேன். அப்பிடி ஒண்ணு கெடையாதாம்."

அடுத்த மாதமே மகளுக்குப் போன் செய்திருக்கிறார். இவர் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள். வேறு வேறு ஆட்களின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அவள் தன் எண்ணையே மாற்றிவிட்டாள். பையன் வேலையை விட்டுவிட்டான், இருவரும் ஊரை விட்டே போய்விட்டார்கள். ஒடிசா என்பது தெரியும், ஒடிசாவில் எங்கே என்பது தெரியாது.

"நம்பரை பிளாக் பண்ணலாம். படத்துல வர்ற மூஞ்சியை பிளாக் பண்ண முடியாதில்லம்மா? பாத்தான்னா தெரிஞ்சிக்குவா. அப்பன் கூப்பிடறான்னு தெரிஞ்சிக்குவா."

நடிப்பு அவருக்குப் பிரச்சினையாகவே இல்லை. யார் ஏறினாலும் முகத்தைப் பார்த்துப் பேசினார், அதுதானே அவருடைய தொழில். டைரக்டர் ஆனந்தத்தில் மிதந்தார். நரைத் தாடி வளர்க்கச் சொல்லியிருந்தார், அதுவும் பொருந்தியது. மகள் போன பிறகு பாதி உடம்பாகிவிட்டவர், தாடியும் சேர்ந்ததும் ஸ்டாண்டுக்காரர்களே யாரோ என்று பார்த்தார்கள். கடைசிக் காட்சியில்தான் தகராறு. அதில் அவர் நேராகக் கேமராவைப் பார்த்து, "இந்த ஊருக்கு யார் வந்தாலும் இடம் இருக்கு" என்று சொல்ல வேண்டும். ராஜ வீதியில் கூட்டத்தை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தோம். அவர் லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி லென்ஸைப் பார்த்தார்.

"இதுக்கு மூஞ்சி இல்லியேம்மா. இதுகிட்ட இன்னா பேசறது?"

டைரக்டர் என்னை லென்ஸை ஒட்டி நிற்கச் சொன்னார். உங்கள் மகள் என்று நினைத்துக்கொண்டு இவளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவருக்கு யோசனையும் சொன்னார். டைரக்டருக்கு மகள் விஷயம் ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னார். நைனா என்னைப் பார்த்தார். உதடு நடுங்கிற்று. எழுதிக் கொடுத்த வசனம் வரவில்லை. "இண்டிக்கி ரா தல்லி" என்றார். வீட்டுக்கு வாடி தாயே என்று அர்த்தம். அதையே இன்னொரு தரமும் சொன்னார். கட் சொன்னதும் யூனிட்டே கைதட்டியது. டைரக்டர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான் மாத்தவே மாட்டேன் பெரியவரே" என்றார்.

சினிமாக்காரர்களின் சத்தியத்தை எந்தக் கோயிலும் ஏற்காது என்று என் அம்மா சொல்வாள். அவள் எதற்காகச் சொன்னாளோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

தெருவில் எடுக்கிற படத்தில் அங்கே பதிவாகும் குரல் பெரும்பாலும் வெறும் அடையாளத்துக்குத்தான். பிறகு எல்லோரும் ஸ்டூடியோவுக்கு வந்து, திரையில் தங்கள் வாயசைவைப் பார்த்து மறுபடி பேச வேண்டும். நைனாவைச் சாலிகிராமத்துக்கு நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் கண்டக்டரிலிருந்து பக்கத்து சீட்டுக் குழந்தை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

கண்ணாடிக் கதவு போட்ட இருட்டு அறையில் அவரை மட்டும் தனியாக விட்டார்கள். மைக்குக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். வெளியே இருந்து சவுண்டு என்ஜினியர் பேசியது ஸ்பீக்கரில் கேட்டதும், பேசுகிறவர் எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடினார். பிறகு திரையில் அவர் முகம் வந்தது. தாடியோடு, கலங்கிய கண்ணோடு, இத்தனை பெரிதாக. அவர் வாயைத் திறக்கவில்லை.

"பேசுங்க பெரியவரே. வாய் அசையும்போது பேசுங்க."

திரையில் வாய் அசைந்து முடிந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். நான் உள்ளே போனேன்.

"நைனா, அந்த ஒரு வார்த்தைதானே, சொல்லுங்க."

"இவன்கிட்ட நான் பேசறதில்லம்மா" என்றார் மெதுவாக.

திரையைக் காட்டித்தான் சொன்னார். என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தால் வாயசைவு பிந்துகிறது, திரையைப் பார்த்தால் குரலே வருவதில்லை. "இன்னொரு தபா சார், இன்னும் ஒரே தபா" என்று கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த படத்துக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். டைரக்டர் அவர் தோளைத் தட்டி, "விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அதற்கு அர்த்தம் வேறு ஒருவர் பேசுவார் என்பது. திரும்பும்போது பஸ்ஸில் அதை அவரிடம் சொன்னேன்.

"என் மூஞ்சிக்கா?"

"ஆமா நைனா."

அதற்குப் பிறகு ஊர் வரும் வரை யாரிடமும் பேசவில்லை. அவர் அப்படி இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து சென்னைக்கு நடையாக நடந்தார். டைரக்டர் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். "மத்ததெல்லாம் யாரு வேணும்னாலும் பேசட்டும் சார். அந்த ஒரு வார்த்தை மட்டும் என் கொரலு இருக்கட்டும்" என்பார். டைரக்டர் கெட்டவர் இல்லை. ராஜ வீதியில் பதிவான குரலையே எடுத்துப் போட்டுப் பார்த்தார். கோயில் பூக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு ஒன்று அந்த வார்த்தையோடு பின்னிக் கிடந்தது. பாட்டுக்காரர்கள் உரிமை கேட்பார்கள் என்று தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். தெலுங்கும் வேண்டாம், ஜனங்களுக்குப் புரியாது என்றும் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் தியேட்டரில் படம் போட்ட அன்று ஸ்டாண்டே திரண்டு வந்திருந்தது. நைனா திரையில் வந்ததும் விசில். வாயைத் திறந்ததும் கனத்த, பயிற்சி பெற்ற, ரேடியோவில் விளம்பரம் சொல்கிற மாதிரி ஒரு குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். யார் பேசுகிறார்கள் என்று பார்த்தார் போலிருக்கிறது. கடைசிக் காட்சியில் அவருடைய கண் நிறைய, உதடு நடுங்க, அந்தக் கனத்த குரல், "எல்லாரும் வாங்க, இடம் இருக்கு!" என்றது. கூட்டம் கைதட்டியது. எனக்கு எழுந்துபோய்த் திரையைக் கிழிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும், "பரவால்லம்மா, மூஞ்சி இருக்குதில்ல" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது அது.

படம் போனில் பார்க்கிற தளத்துக்கு வந்த சில வாரங்களில், படத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அதைக் கவனிக்கிற வேலை என்னுடையது. பெயருக்குப் பதில் ஏதோ எழுத்துகள், படம் இல்லாத கணக்கு. 'ஷேர் ஆட்டோ கதைல வர்றவர் யாரு? ஒரு நிமிஷம் எங்க அப்பான்னு நினைச்சிட்டேன். அவர் மாதிரியே தலையைச் சாய்ச்சிப் பாக்கறார். ஆனா குரல் அவரோடது இல்ல. எங்க அப்பா இப்படிப் பேச மாட்டார். கடைசில பேர் வர்றதுக்குள்ள அடுத்த படம் ஓட ஆரம்பிச்சிடுது. அதான் கேக்கறேன்.'

நைனாவின் மகளாகத்தான் இருக்க வேண்டும். அவர் உங்கள் அப்பாதான், குரல் மட்டும்தான் வேறு ஒருவருடையது என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. 'பேசச் சொல்லுங்க. குரல் மட்டும் அனுப்புங்க. வீடியோ வேணாம். மூஞ்சியைப் பாக்க எனக்கு இன்னும் தைரியம் வரல.'

ஸ்டாண்டுக்கு ஓடினேன். சவாரிக்கு நின்றிருந்தவர்களை நைனா அடுத்த ஆட்டோவுக்கு அனுப்பிவிட்டார். போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். தொண்டையைக் கனைத்தார். "ஹலோ" என்றார். "ஹலோ, நான்தான்..." என்றார். போனைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கனைத்தார். வேர்த்துக் கொட்டியது.

"இவ்ளோதாம்மா என் பொழப்பு. பொண்ணு காதை நீட்டிக்கினு நிக்கிறா, அப்பனுக்குப் பேச்சு வரல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடிக்காதீர்கள் என்று கையைப் பிடித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பிடியே நில்லும்மா. கொஞ்ச நேரம் இப்பிடியே என்னைப் பாத்துக்கினு நில்லு" என்றார்.

நின்றேன். தெலுங்கில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. தப்பு செய்துவிட்டேன் என்றார். சாதியை வைத்துக்கொண்டு நான் யாருக்குச் சோறு போடப்போகிறேன் என்றார். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் ஒன்றையும் மறக்கவில்லை என்றார். இண்டிக்கி ரா தல்லி என்று அவர் சொல்லி முடித்தபோது நானே அவர் மகளாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அனுப்பினேன். அவள் கேட்டுவிட்டாள் என்று காட்டியது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம். பதில் வந்தது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

'குரல் அவரோடதுதான். யார் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுப் பேசினார்?'

எனக்குச் சட்டென்று பொய்தான் வந்தது. உங்கள் சின்ன வயசு போட்டோவைப் பார்த்து என்று எழுதலாமா என்று அவரைக் கேட்டேன்.

"வேணாம். உள்ளதை எழுது."

'என்னைப் பார்த்துத்தான் பேசினார். நான் படத்தில் வேலை செய்கிற பெண். தயவுசெய்து எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், அவரை நானே கூட்டி வருகிறேன்' என்று எழுதி அனுப்பினேன். அவள் படித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கணக்கே இல்லை என்று காட்டியது. நான் திரும்பத் திரும்பத் தேடினேன். கோபம் கோபமாக வந்தது, அந்தப் பெண்ணின் மேல். இத்தனை அழுத்தமா, பெற்றவர் இப்படிக் கெஞ்சுகிறாரே என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

"அவளை ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார் நைனா. "அவ கேட்டது நாயம். நீ எனக்குச் செத்துட்டேன்னு தெருமுனையில சொன்னேன் பாரு, அத்த அவ மூஞ்சிக்கு நேரா நின்னு, கண்ணைப் பாத்து சொன்னேன். அப்ப ஒரு வார்த்தை தடுமாறல. இன்னிக்கு வான்னு கூப்புடறதுக்கு எனக்கு உன் மூஞ்சி கேக்குது."